விரதம் முடிந்து முதல் மீன்

ஜூலை 25, சனி

விடியக் காற்று மேற்கிலிருந்து, லேசாக. ஏரி தட்டை. வெயில் ஏற முதலே ரொறொன்ரோவின் புளவ்ஸ் மண்மலைக்குக் கீழே படகை இறக்கியாயிற்று.

இவருக்கு, என் மனுசனுக்கு, முதுகில் வட்டு விலகி இது இரண்டாவது கோடை. பாரம் தூக்கக்கூடாது, குலுங்கக்கூடாது. படகில் பாதி இவருடையது என்பதால் இவர் இடத்தில் நான். மற்றப் பாதி கு.வுடையது. கு. என்றால் குகன், தங்கை வதனியின் புருசன். முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது. இனி கு. தான். அவள் வ.

பேக்கரியில் என்னோடு நிற்கிறவள் கேட்கிறாள், தூண்டிலைப் போட்டுவிட்டு நித்திரை கொள்வீர்களா என்று. நித்திரையாம்! இது ட்ரோலிங். சின்ன மோட்டாரில் படகு ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கம்பியில் ஈயக்குண்டைக் கட்டி ஆழத்துக்கு இறக்கி, அதில் தூண்டில் நூலைக் கிளிப்பால் கொழுவி, கரண்டி மாதிரி மினுங்குகிற தகர இரையைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். சமன் மீன் வந்து அடித்தால் கிளிப் விட்டுவிடும், வளைந்து நின்ற தடி விசுக்கென்று நிமிரும். பிறகு ஒரே ஓட்டமும் கத்தலும். நான் சுக்கான். கு. தடி.

இன்று இரண்டு. பெரியது என் கையை விட நீளம்.

வலையில் அள்ளி உள்ளே போட்டதும் மண்டையில் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் துள்ளித் துள்ளி எல்லாவற்றையும் உடைக்கும். அதற்கென்று உடைந்த பேஸ்போல் மட்டையின் பிடித்துண்டு ஒன்று வைத்திருக்கிறோம். கட்டை என்போம். கு. அடித்தால் முதுகு, செவுள், வால் என்று கண்ட இடத்திலும் விழும். செத்த பிறகும் அடிப்பான். நான் கண்ணுக்குப் பின்னால் ஒன்று. அதோடு சரி.

“மச்சாளுக்கு நல்ல கை,” என்றான். “உங்கடை தங்கச்சிக்கு ஒரு இழவும் தெரியாது.”

கட்டையைக் கழுவினேன். நல்ல கை என்று எனக்கும் தெரியும். அடிக்கும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது, அதையும் எழுதி வைக்கிறேன்.

செய்ய: வலை ஓட்டை தைக்க. சின்ன மோட்டாருக்கு ஒயில். இவருக்கு முதுகு மருந்து.

ஜூலை 27, திங்கள்

மழை. வேலை முடிந்து நேரே வ. வீட்டுக்கு.

கு. அந்த அப்பாட்மென்ற் கட்டடத்தின் சுப்பர். குழாய், பல்ப், குப்பை, வாசல் திறப்பு எல்லாம் அவன் பொறுப்பு. வீடும் அங்கேயே, கீழ்த்தளத்தில். வாசல் கமராவில் விழுகிறதெல்லாம் அவன் வீட்டு ரீவியில் தெரியும். பகல் முழுக்கக் கட்டடத்துக்குள்தான் நிற்பான். வ. பால் வாங்கப் போவதென்றாலும் அந்த ரீவிக்குள்ளால்தான் போக வேண்டும்.

குசினியில் ஃபானைப் போட்டாள். ஃபான் போட்டால் கதைக்கப் போகிறாள் என்று அர்த்தம். தலைமயிரை ஒதுக்கிக் காட்டினாள். இடது காது வீங்கி, கத்தரிக்காய் நிறம்.

“என்னடி உது?”

“சனிக்கிழமை மீன் குழம்பு. புளி கூடிப்போச்சாம்.”

நான் அடித்துக் கொன்ற மீன். அந்தக் குழம்பு.

“கத்தாதை அக்கா. இன்னொண்டும் இருக்கு.” என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். “நாலு மாசம். அவருக்கு இன்னும் சொல்லேல்லை. முந்தி ஒருக்காச் சொல்லித்தான்…”

முந்தி ஒருக்கா. எனக்குத் தெரியாது. வழுக்கி விழுந்து கலைந்தது என்றுதான் எங்களுக்கெல்லாம் சொன்னது. வழுக்கி விழுந்ததாம். நாசமறுப்பான், காலால் உதைத்திருக்கிறான்.

பொலிஸ் என்றேன். என் வாயைப் பொத்தினாள். அவன் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவள். பொலிசுக்குப் போனால் அடுத்த பிளேனில் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறான். பொய் என்றேன். “உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். எனக்கும் வடிவாகத் தெரியாது.

வெளியே வர, கு. ஹோலில் ஏணியில் நின்று பல்ப் மாற்றிக்கொண்டிருந்தான். “மச்சாள், ரீ குடிச்சனீங்களோ?” சிரித்த முகம். ஏணியின் கால் என் சப்பாத்துக்குப் பக்கத்தில். விழுத்த ஒரு உதை காணும். குடித்தேன் என்று சொல்லிவிட்டு பஸ்சுக்குப் போனேன்.

ஜூலை 29, புதன்

வெக்கை. நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறிவிட்டது என்று தமிழ் வானொலி.

இனி இருபத்தைந்து நாள் கு. சைவம். மச்சம் இல்லை, குடி இல்லை, ஏரிப்பக்கம் போகமாட்டான். வ. மேல் கை வைக்கவும் மாட்டான். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இப்படித்தானாம். “கொடி நிக்குமட்டும் அவர் தங்கம், அக்கா.” தங்கமாம். கோதாரி.

கொடி இறங்கின மறுநாள் விடியக் காலமை ஏரிக்குப் போவான். விரதம் முடிந்து முதல் மீன். அதைப் பிடித்து வந்து கொடுக்க, வ. காய்ச்ச வேண்டும். வேறு மீன், வேறு இறைச்சி எதுவும் அதற்கு முதல் வாயில் வைக்கமாட்டான். அது அவன் போட்ட சட்டம்.

முருகன் இருபத்தைந்து நாள் காவல் நிற்கிறார். மிச்ச நாளுக்கெல்லாம் லீவு போலிருக்கிறது.

ஓகஸ்ட் 8, சனி

வெயில். உடுப்புத் தோய்த்தது, மா அரித்தது, இவரோடு சண்டை பிடித்தது.

இவர் சொன்னது: “அது புருசன் பெஞ்சாதிக்குள்ளை. நாங்கள் இடையிலை கையை விட்டால் நாளைக்கு அவையள் ஒண்டாயிடுவினம், நாங்கள்தான் கெட்ட ஆக்கள்.”

புட்டுக் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். புட்டு விழுந்த சத்தம் பெரிதாக இல்லை, கோப்பைதான் நல்லாக உடைந்தது. “அவளுக்கு வயித்திலை பிள்ளை. முந்தினதை உதைச்சுக் கொன்றவன். இதையும் கொல்லட்டும், பிறகு செத்தவீட்டு அந்திரட்டிக்குப் போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ!”

இவருக்கு முந்தின பிள்ளையின் கதை தெரியாது. முகம் வெளுத்துப்போய்விட்டது. குனியக் கூடாத மனுசன் குனிந்து ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கி முடித்து, “யோகனிட்டை வான் இருக்கு, அவளை ஏத்திக்கொண்டு வரலாம்,” என்றார். யோகன் இவரோடு வேலை செய்கிற மட்டக்களப்புப் பெடியன். வாய் காட்டாத ஆள்.

யோசித்தது இதுதான். கு. கட்டடத்தை விட்டு வ. இல்லாமல் வெளிக்கிடுவது ஏரிக்கு மட்டும். விரத நாளில் ஏரி இல்லை. ஆனால் விரத நாளில் அடியும் இல்லை. ஆகவே கொடி இறங்குமட்டும் பயமில்லை. இறங்கின மறுநாள் ஞாயிறு, முதல் மீனுக்குப் போவான். நான் படகில். இவரும் யோகனும் வ. வீட்டில். எல்லாம் முடிந்தால் படகுத்துறைக்கு வெளியே கல்லணையில் எங்கள் சிவப்புக் குடை தெரியும். குடை தெரியுமட்டும் நான் அவனைக் கரைக்குக் கொண்டுவரக்கூடாது.

“நீர் அவனோடை தனிய நிக்கவேணும்,” என்றார் இவர்.

“நிப்பன்.”

“அவனுக்கு விளங்கினால்?”

“விளங்கினாலும் தண்ணிக்கு நடுவிலை எங்கை போறது?”

பின்னேரம் லிஃப்றில் மேல்மாடி அன்ரி. “பிள்ளை, தங்கச்சியின்ரை மனுசனோடை தனியப் படகிலை போறீராம். சனம் கதைக்குது.” கதைக்கட்டும். சனத்துக்கு வ.வின் காது தெரியவில்லை, என் படகு மட்டும் தெரிகிறது.

ஓகஸ்ட் 16, ஞாயிறு

றிச்மண்ட் ஹில் கோயில். கார் நிறுத்த இடம் இல்லை.

கு. வீதி சுற்றிப் பிரதட்டை பண்ணினான். வெறும் மேல், நெஞ்சில் சந்தனம், நிலத்தில் உருண்டு உருண்டு. வ. பின்னால் அவன் சால்வையைப் பிடித்தபடி நடந்தாள். சீலையை உயர்த்திக் கட்டியிருந்தாள். வயிறு இன்னும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மனுசி, “எவ்வளவு பக்தி, கொடுத்து வைச்ச பெட்டை,” என்றா. மனுசியின் கன்னத்தைப் பொத்தி ஒன்று விட வேண்டும் போல இருந்தது.

நான் கும்பிட்டது: முருகா, இவன் உருண்டு எழும்பாமல் போகட்டும். கோயிலுக்குள் நின்று இப்படிக் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

செருப்புக் கழற்றுகிற இடத்தில் வ.வுக்குச் சொன்னேன். “ஞாயிறு அத்தான் வந்து தட்டுவார். அவருக்குத் திற. வேறை ஆர் தட்டினாலும் திறக்காதை.”

“இவர் இடையிலை திரும்பி வந்தால்?”

“நான் அவனோடை நிப்பன். நான் நிண்டால் அவன் வரான்.”

செருப்பைப் போட்டுக்கொண்டே தலையாட்டினாள். கு. திருநீறு கொண்டுவந்து நீட்டினான். “மச்சாள், பெரிய சமனெல்லாம் இப்ப கரைக்குக் கிட்ட வந்திருக்கும். ஆத்துக்குள்ளை ஏறி முட்டை போட்டுச் சாகிற காலமெல்லே.” பூசிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 20, வியாழன்

வானொலியில் தேர். பேக்கரியில் எரிந்த தட்டுகள், முழங்கையில் சூடு.

வலை தைத்து முடிந்தது. கத்தி தீட்டியாயிற்று. தூண்டில் முள் வெட்டுகிற குறடு துருப்பிடித்துக் கிடந்தது, எண்ணெய் போட்டேன். கட்டை படகில். குடை வாசலில்.

கனவில் மீனை அடிக்கிறேன், அடிக்கிறேன், சாகுதில்லை.

ஓகஸ்ட் 22, சனி

புழுக்கம். தீர்த்தம். இன்றோடு விரதம் முடிகிறது.

காலையும் மத்தியானமும் வ.வுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. தீர்த்த நாள், கோயிலில் நிற்பார்கள் என்றார் இவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். 

பின்னேரம் கு. எடுத்தான். “விடிய ரெடியா நில்லுங்கோ மச்சாள்.” குரல் தடித்து, தடிமன் பிடித்த மாதிரி. வ.வைக் கேட்டேன். படுத்துவிட்டாளாம்.

இவர் வாசலில் குடையை விரித்து மடக்கிப் பார்க்கிறார். கம்பி ஒன்று வளைந்திருக்கிறது. பரவாயில்லை.

ஓகஸ்ட் 23, ஞாயிறு

பின்னேரம். ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். நடந்த ஒழுங்கில் எழுத வேண்டும், பிறகு நானே மாற்றிச் சொல்லாமல் இருக்க.

கிழக்குக் காற்று, அலை. மற்ற நாளென்றால் போயிருக்கமாட்டோம். அவனுக்கு முதல் மீன் வேண்டும், எனக்கு நேரம் வேண்டும். இரண்டு பேரும் அலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கரை சின்னதாகப் போன பிறகு குண்டுகளை இறக்கினான். அப்போதுதான் வலது கையைக் கண்டேன். விரல் மொளியெல்லாம் தோல் உரிந்து, காய்ந்த இரத்தம். இரத்தத்துக்குள் வெள்ளைப் பெயின்ற் செதில்.

“கையிலை என்ன?”

“சுவரிலை பட்டது.” பையிலிருந்து போத்தலை எடுத்து ஒரு முறடு குடித்தான். அரைப் போத்தல்தான் இருந்தது.

“விரதம் இப்பதானே முடிஞ்சது. அதுக்குள்ளை அரைவாசியோ?”

“நேத்தே முடிஞ்சுது மச்சாள்.” எனக்குக் கணக்குப் படிப்பிக்கிற மாதிரிச் சொன்னான். “இஞ்சை நேத்து விடியேக்கை அங்கை பின்னேரம். கொடி இறக்கிப்போட்டாங்கள். நல்லூரான் ஊர் நேரத்திலைதானே இருக்கிறான். ரொறொன்ரோ நேரம் பாத்தே விரதம் பிடிக்கிறது?”

“போன வருசம் இஞ்சத்தை நேரம்தானே பாத்தனீர்?”

“போன வருசம் போன வருசம்.”

நேற்றுக் காலையிலிருந்து காவல் இல்லை. நானும் இவரும் சுவரில் கலண்டரைப் பார்த்துக்கொண்டு, பயமில்லை பயமில்லை என்று குடையை விரித்து மடக்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். நேற்றுப் பகல் முழுக்க, இரவு முழுக்க அவள் அவனோடு. வீட்டில் மணிக்கூட்டை ஊர் நேரத்துக்கு வைத்திருக்கிற சனம் நாங்கள், எனக்கு இது தோன்றவில்லையே! எருமை. எருமை. எருமை.

கரைக்குத் திருப்பலாமா என்று பார்த்தேன். திருப்பினால் இவரும் யோகனும் அங்கே நிற்கும்போதே அவன் போய் இறங்குவான். வ. எப்படிக் கிடந்தாலும் இவர்தான் இப்போது அவளுக்குக் கிட்ட. நான் இங்கே நிற்பதுதான் என் வேலை. சுக்கானை இன்னும் தெற்கே பிடித்தேன்.

வலது தடி விசுக்கென்று நிமிர்ந்தது.

பெரிய மீன். நூல் கத்திக்கொண்டு ஓடியது. கு. கால்களை அகட்டி வைத்து இழுத்தான். குடிவெறியில் இரண்டு தரம் சறுக்கினான். கனநேரம். கடைசியில் பக்கத்தில் வந்து திரும்பியது, வயிறு வெள்ளையாக, கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளைந்து. நான் வலையை வீசி அள்ளினேன். உள்ளே விழுந்ததும் அடிக்க வேண்டும். ஆனால் அவன் பொறுக்கவில்லை, வெறுங்கையை விட்டு இரையைப் பிடித்தான். மீன் உதறியது. இரையின் மூன்று முள்ளில் ஒன்று மீனின் தாடையில், மற்ற இரண்டும் அவன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுச் சதையில், அடிமட்டும்.

அந்தக் கத்தலை இன்னும் கேட்கிறேன். மீன் துள்ள, கையும் சேர்ந்து துள்ளியது. சதை கிழிகிற சத்தம் கேட்டது, துணி மாதிரி.

“அடியுங்கோ மச்சாள்! அடியுங்கோ!”

கட்டை என் கையில். முழங்காலில் மீனை அமத்திக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அடிக்கவில்லை.

“வதனி எப்பிடி இருக்கிறாள்?”

“என்ன?”

“என்ரை தங்கச்சி எப்பிடி இருக்கிறாள் எண்டு கேக்கிறன்.”

முழங்காலைக் கொஞ்சம் எடுத்தேன். மீன் உதறியது. அவன் படகின் விளிம்பில் தலையை இடித்தான்.

“இருக்கிறாள்! இருக்கிறாள்! பாத்ரூமுக்குள்ளை பூட்டிக்கொண்டு இருக்கிறாள்… விசரி, திறக்கிறாளில்லை… ஐயோ, அடியுங்கோ!”

“எவ்வளவு நேரமா?”

“நேத்துப் பின்னேரம் துவங்கி… அம்மாவாணை இப்ப ஒண்டும் செய்யேல்லை…”

“பூட்ட முதல்?”

கண்ணை மூடிக்கொண்டான். மீன் இன்னும் ஒருமுறை உதறியது, நான் விட்டேன். பிறகு கண்ணுக்குப் பின்னால் ஒன்று. மீன் அடங்கிற்று. அது செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

“குறடு. குறட்டாலை முள்ளை வெட்டுங்கோ.”

குறட்டை எடுத்தேன். எண்ணெய் போட்டு வைத்த குறடு. அவனுக்கு வடிவாகத் தெரியும்படி பிடித்து, ஏரிக்குள் போட்டேன். பிறகு கத்தியையும் போட்டேன். நல்ல கத்தி.

விளங்கிவிட்டது அவனுக்கு. கரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “எடி வேசை! என்னடி செய்யிறியள் அங்கை?” மீனைக் கையில் தொங்கவிட்டபடியே எழும்பி என் மேல் பாய்ந்தான். சுக்கானை ஒடித்துத் திருப்பினேன். அலை பக்கவாட்டில் அடித்தது, முழங்காலில் விழுந்தான். கணுக்காலில் கட்டையால் அடித்தேன். ஒருமுறை. இல்லை, பொய் எழுதக்கூடாது, மூன்று முறை. முதலாவது அவன் வராமல் இருக்க. மற்ற இரண்டும் எனக்காக.

நாலாவதுக்கு ஓங்கிய கை மண்டைக்கு நேரே இருந்தது. கண்ணுக்குப் பின்னால், அந்த இடம். எனக்கு நல்ல கை. அவன் இரண்டு கையாலும் தலையை மூட, செத்த மீன் அவன் முகத்தில் விழுந்து கிடந்தது. மீனுக்குக் கீழே இருந்து அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி மூக்கால் அழுதான். அதைக் கேட்டதும் ஓங்கியதை இறக்கினேன். இரக்கத்தில் இல்லை. அவன் செத்தால் நான் மறியலுக்குப் போவேன், பிள்ளைப்பெறுவுக்கு வ.வோடு நிற்க ஆள் வேண்டும்.

“இரும். மீனை மடியிலை வைச்சுக்கொண்டு இரும். அசைஞ்சா மற்றக் கால்.”

இருந்தான். பிள்ளை வைத்திருக்கிற மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு, இரத்தம் வடிய வடிய. நான் சின்ன மோட்டாரில் படகை விட்டேன். மேற்கே கொஞ்சம், கிழக்கே கொஞ்சம், திருப்பித் திருப்பி. இடது தடி தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. அதிலும் ஒன்று வந்து அடித்து இழுத்து அறுத்துக்கொண்டு போயிற்று. பார்க்கவில்லை. கல்லணையை மட்டும் பார்த்தேன். குடை இல்லை. திரும்பவும் சுற்றினேன். குடை இல்லை. அவன் ஒருமுறை, “மச்சாள், குடிக்கத் தண்ணி,” என்றான். சுற்றிவரத் தண்ணிதானே என்றேன்.

வெயில் உச்சியில் நிற்கச் சிவப்பு. பிடித்திருந்தது இவர் இல்லை, யோகன். பெரிய மோட்டாரைப் போட்டு நேரே விட்டேன். யோகன் கல்லுக் கல்லாகப் பாய்ந்து கிட்ட வந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்.

“அக்கா! இருக்கா! வவுத்துப் புள்ளையும் இருக்காம்!”

படகுக்குள் இருந்து அழுதேன். கு. முன்னால் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை.

துறையில் ஒரு பொலிஸ்காரனும் ஒரு பொலிஸ்காரியும். இவர் வ.வோடு ஆஸ்பத்திரியில், அங்கிருந்து அறிவித்திருக்கிறார்கள். விலங்கை எடுத்துவிட்டு இரண்டு பேரும் கு.வின் கையையும் மீனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எங்கே கொழுவுவதென்று தெரியாமல். கடைசியில் மீனோடேயே அம்புலன்சில் ஏற்றினார்கள்.

ஓகஸ்ட் 24, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. மழைத் தூறல்.

இவர் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

வீட்டுக் கதவைத் தட்டியும் திறக்காததால், யோகன் தோளால் இடித்துத் திறந்திருக்கிறான். பாத்ரூம் கதவு உள்ளே பூட்டு. கதவு முழுக்கக் குத்தின பள்ளம், வெள்ளைப் பெயின்ற் உரிந்து நிலத்தில் கொட்டிக் கிடந்ததாம். இவர் எவ்வளவு கூப்பிட்டும் சத்தம் இல்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தாராம். பிறகு உள்ளே இருந்து மெல்ல ஒரு குரல்.

“அத்தானோ?”

“ஓம் பிள்ளை, அத்தான்தான். திற.”

“அவர் எங்கை?”

“ஏரியிலை.”

“அக்கா?”

“அவனோடை.”

“அக்கா அவரோடையே நிக்கிறா?”

“ஓம் பிள்ளை.”

பூட்டு விலகியதாம்.

இவர் இதைச் சொல்லும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன்.

ஓகஸ்ட் 27, வியாழன்

வ. எங்களிடம். முழங்கைக்குக் கீழே எலும்பு வெடிப்பு, மாக்கட்டு. விலா இரண்டு. இடது காது இனி அரைவாசிதான் கேட்குமாம். பிள்ளையின் இதயம் கேட்டது. மெஷினில் எனக்கும் வைத்துக் காட்டினார்கள், டப டப டப என்று ஒரே அவசரம்.

வயிற்றில் அடி படவில்லை. பாத்ரூமுக்குள் ஓடினதால்தான். “உதைக்கக் காலைத் தூக்கினார், நான் ஓடீட்டன்.” இவ்வளவுதான் சொன்னாள்.

யாரும் அவளைக் கொழும்புக்கு ஏற்ற ஏலாதாம். வழக்கறிஞர் பெண் சிரித்தே விட்டா. இத்தனை வருசம் அந்த ஒரு பொய்யிலேயே அவளைக் கட்டி வைத்திருக்கிறான்.

கு. பிணையில். வ.வுக்குக் கிட்ட வரக்கூடாது, போன் எடுக்கவும் கூடாது. கை தைத்தாயிற்று, கணுக்கால் வீக்கம். அலையில் விழுந்தது என்று பொலிசுக்குச் சொல்லியிருக்கிறான். மச்சாள் அடித்தவ என்று எந்த ஆம்பிளை சொல்லுவான்? என்னைக் கேட்டபோது நானும், ஓம், நல்ல அலை என்றேன்.

மேல்மாடி அன்ரி சோறும் கறியும் கொண்டுவந்தா. சனம் இப்போது வேறு மாதிரிக் கதைக்குதாம். சட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஓகஸ்ட் 30, ஞாயிறு

படகைக் கழுவினோம், நானும் யோகனும். இரத்தம் மூலைக்குள் காய்ந்து போய். எது மீன், எது அவன் என்று தெரியாது. படகை விற்கிறதா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு கெதியாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

அவனைக் கொல்ல எனக்கு மனம் வந்தது. வந்துவிட்டுப் போகவில்லை. பேக்கரியில் மாவை அடிக்கும்போதும் நிற்கிறது. இதை யாருக்குச் சொல்வது.

கட்டையைக் காணவில்லை. படகில் இல்லை, காரில் இல்லை. கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கிறது.

செப்ரெம்பர் 2, புதன்

குளிர் தொடங்குகிறது. பள்ளிக்கூட பஸ்கள்.

வ.வின் படுக்கை விரிப்பு மாற்றப் போனேன். தலையணைக்குக் கீழே கட்டை. எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

மத்தியானம் போன். நான் எடுத்தேன். மூச்சு மட்டும். பிறகு, “வதனியைக் கூப்பிடுங்கோ மச்சாள். ஒரு சொல்லுத்தான்.” குடித்திருந்தான். வைக்கப் போனேன். வ. குசினியிலிருந்து வந்து, மாக்கட்டுப் போடாத கையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். கையை எடுக்கவில்லை. கொடுத்தேன்.

கேட்கிற காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் கனக்கக் கதைத்தான். முதலில் கெஞ்சல், பிறகு சத்தம், எனக்கே கேட்டது. அவன் மூச்சு வாங்க நிறுத்தின இடத்தில் வ. சொன்னாள்:

“அக்கா கேக்கிறா, அடுத்த முறை ஏரிக்கு எப்ப வாறீர் எண்டு.”

அந்தப் பக்கம் வைத்துவிட்டான்.

நான் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கொழுவிவிட்டு வ. சோறு வடிக்கப் போனாள்.